சிஏஜி அறிக்கை எதிர்க்கட்சிக்குக் கரும்பு, ஆளுங்கட்சிக்கு வேம்பா? மாநிலத் துறைகளின் செயல்திறன் தணிக்கை பற்றி ஒரு கேள்வி

பொருநைக்கரையான் கேட்கிறார்:

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் மாநில அரசுத் துறைகள் மீதான செயல்திறன் தணிக்கை குறித்து ஒரு மணி நேரம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். வரவு செலவு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்பதோடு நிற்காமல், பணம் சிக்கனமாகச் செலவானதா, நினைத்த பயன் மக்களுக்குக் கிடைத்ததா என்றும் பார்ப்பதே இந்தத் தணிக்கை என்ற அளவில் எனக்குத் தெளிவு உண்டு. அரசியல்வாதிகள் இதைப் பற்றி உண்மையில் என்னதான் கருதுகிறார்கள் என்பதுதான் பிடிபடவில்லை.

குஜராத்தில் நரேந்திர மோடி முதல்வராக இருந்தபோது, மாநிலத் துறைகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி, அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர், தரும் அறிக்கைகளைச் சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைத்து விவாதத்தைத் தவிர்க்கிறார்கள் என்று காங்கிரஸ் குற்றம் சாட்டியது. ஏறக்குறைய அதே காலத்தில் நாடாளுமன்றத்தில் பாஜக அலைக்கற்றை, நிலக்கரி ஒதுக்கீடுகள் பற்றிய சிஏஜி அறிக்கைகளை ஏந்திக்கொண்டு அவையை நடக்கவிடவில்லை. தணிக்கையாளர் கொள்கை முடிவுகளுக்குள் மூக்கை நுழைக்கிறார் என்று காங்கிரஸ் அமைச்சர்கள் பேசினார்கள். அரவிந்த் கெஜ்ரிவால் 2014 ஜனவரியில், தம் முதல் ஆட்சியின் தொடக்க நாட்களிலேயே, டெல்லியின் தனியார் மின் விநியோக நிறுவனங்களைச் சிஏஜி தணிக்கை செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டார். 2015 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவருடைய ஆம் ஆத்மி கட்சியின் ஆட்சி, தன் சொந்தத் துறைகளைப் பற்றிய அறிக்கைகளைப் பேரவையில் வைக்காமல் இழுத்தடித்தது என்று பத்தாண்டுகள் கழித்து அதே நீதிமன்றம் கண்டித்தது.

பதவியில் இருந்தால் ஒரு பேச்சு, இல்லாவிட்டால் வேறு பேச்சு என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடலாம்தான். அது ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது, முழு உண்மையாகவும் இருக்காது என்று தோன்றுகிறது. ஆளுங்கட்சிகள் சொல்லும் மறுப்பில் சரக்கு ஏதாவது இருக்கிறதா? விவரம் அறிந்தவர்கள் எடுத்துக்காட்டோடு சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். கட்சிச் சண்டையைத் தவிர்த்துவிடுங்கள்.


பழைய தணிக்கையர் எழுதுகிறார்:

தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், அறிக்கை எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அதைத் தெரிந்துகொண்டால் அமைச்சர்களின் மறுப்புகளில் எது நியாயம், எது சாக்கு என்பது பாதி விளங்கிவிடும்.

செயல்திறன் தணிக்கை திடீர்ச் சோதனை அன்று. முதலில் துறைச் செயலாளரோடு ஒரு தொடக்கக் கூட்டம் நடக்கும். எந்த ஆண்டுகள், எந்த மாவட்டங்கள், எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கப் போகிறோம் என்பதெல்லாம் அங்கே பேசி எழுதிக்கொள்ளப்படும். பிறகு மாதக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாகச் சென்று கோப்பு பார்ப்போம், வினாக்குறிப்பு கொடுப்போம். ஓர் அரசு மருத்துவமனையில் ஆய்வகக் கருவி ஒன்று பெட்டிகூடப் பிரிக்கப்படாமல், மேலே ஒட்டிய அனுப்புச்சீட்டு மஞ்சளாகும்வரை மாடிப்படிக்குக் கீழே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். இருப்புப் பதிவேட்டில் அது ‘பயன்பாட்டில் உள்ளது’. கேட்டால், இயக்குவதற்கு ஆள் இல்லை, பணியிடம் நிரப்பக் கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது என்று எழுத்தில் பதில் வந்தது. கணக்கு மட்டும் பார்க்கும் தணிக்கையில் இது அகப்படாது; விலைப்புள்ளி சரி, ரசீது சரி, பணம் கொடுத்ததும் சரி. கருவி ஏன் ஓடவில்லை என்ற கேள்வியைக் கேட்பது செயல்திறன் தணிக்கை மட்டுமே.

இதன் பின் வரைவு அறிக்கை துறைச் செயலாளருக்குப் போகும். பதில் சொல்ல வழக்கமாக ஆறு வாரம் தருவார்கள். இறுதிக் கலந்தாய்வுக் கூட்டமும் உண்டு. அந்தக் கூட்டத்துக்குச் செயலாளர் வராமல், முந்தின வாரம்தான் அந்தப் பிரிவுக்கு மாறுதலாகி வந்த ஓர் அதிகாரியை அனுப்பிவைப்பதும், அவர் எல்லாவற்றுக்கும் ‘அரசின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்படும்’ என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போவதும் எனக்கு நன்றாகத் தெரிந்த காட்சி. அறிக்கை அச்சாகி வந்த பிறகு, எங்கள் தரப்பைக் கேட்கவே இல்லை என்று ஓர் அமைச்சர் சொன்னால், அந்த அறிக்கையில் ஒவ்வொரு பத்திக்கும் கீழே ‘அரசிடமிருந்து பதில் வரவில்லை’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பேரவையில் வைக்கும் விஷயம் இதைவிட முக்கியமானது. அரசமைப்பின் 151ஆவது பிரிவின்படி மாநில அறிக்கை ஆளுநரிடம் கொடுக்கப்பட்டு, அவர் வழியாகச் சட்டமன்றத்துக்கு வர வேண்டும். எத்தனை நாளுக்குள் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அரசியல்வாதிகளின் உண்மையான கருத்து அறிக்கையைப் பற்றிய அவர்கள் பேட்டியில் இல்லை. இந்த இடைவெளியை அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது. டெல்லி முழு மாநிலம் அல்ல என்றாலும் நல்ல எடுத்துக்காட்டு. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாமதம் அளவுக்கு மீறியது என்று சொன்னபோதும், சிறப்புக் கூட்டம் கூட்டுமாறு உத்தரவிட முடியாது என்று ஒதுங்கிக்கொண்டது. ஆட்சி மாறி, பிப்ரவரி 25 அன்று புதிய முதல்வர் ரேகா குப்தா மதுபானக் கொள்கை அறிக்கையைப் பேரவையில் வைத்தார். சுமார் 2,002 கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அது சொன்னது. ஆம் ஆத்மியின் அதிஷி என்ன சொன்னார் தெரியுமா? தாங்கள் மாற்றிய பழைய கொள்கையில்தான் கசிவு இருந்தது என்பதை இந்த அறிக்கையே மெய்ப்பிக்கிறது என்றார். வைக்கவே தயங்கிய அறிக்கை, வைத்த மறுநிமிடம் தங்களுக்கு நற்சான்றிதழாகிவிட்டது.


பாலக்காட்டான் எழுதுகிறார்:

மேலே எழுதிய பெரியவரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் தணிக்கையர் எழுதுவதெல்லாம் கல்வெட்டு என்ற தொனி அதில் இருக்கிறது. கேரளத்தில் வசிப்பவன் என்ற முறையில் மறுதரப்பைச் சொல்கிறேன்.

கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம், சுருக்கமாகக் கிஃப்பி, 2019இல் லண்டன் பங்குச்சந்தை வழியாக மசாலா பத்திரங்கள் (வெளிநாட்டில் ரூபாய் மதிப்பில் விற்கப்படும் கடன் பத்திரங்கள்) வெளியிட்டு 2,150 கோடி ரூபாய் திரட்டியது. இத்தகைய கடன் நிதிநிலை அறிக்கைக்கு வெளியே வாங்கப்படுகிறது, அரசமைப்புக்கு ஒவ்வாதது என்று சிஏஜி எழுதினார். அறிக்கை பேரவைக்கு வருமுன்பே, 2020 நவம்பரில், அன்றைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக் அதன் உள்ளடக்கத்தைச் செய்தியாளர்களிடம் எடுத்துச் சொல்லி மறுத்தார். பேரவையின் உரிமையை மீறிவிட்டார் என்று புகார் எழுந்தது. பேரவைக் குழு அவர்மீது குற்றமில்லை என்று முடித்தது. 2021 ஜனவரியில் முதல்வர் பினராயி விஜயன் தீர்மானம் கொண்டுவர, கிஃப்பி தொடர்பான பக்கங்களை நிராகரிப்பதாகப் பேரவை முடிவெடுத்தது. எதிர்க்கட்சி இதை அரசமைப்பின்மீதான தாக்குதல் என்றது.

ஐசக்கின் வாதத்தை நிதானமாகப் பாருங்கள். அரசுக்கு அனுப்பிய வரைவில் இல்லாத பகுதி இறுதி அறிக்கையில் சேர்க்கப்பட்டது, அதற்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தரப்படவில்லை என்பது அதில் ஒன்று. இது நடைமுறை நியாயம் பற்றிய கேள்வி. எந்த நீதிமன்றமும் இதைக் காதில் போட்டுக்கொள்ளும். இன்னொன்று, ஓர் அறிக்கைப் பத்தி வெறும் கருத்தாக நிற்பதில்லை என்பது. பின்னாளில் ஒன்றிய அரசு கிஃப்பியின் கடனையும் மாநிலத்தின் கடன் வரம்பில் சேர்த்துக் கணக்கிட, கேரளம் உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. சிஏஜியை நியமிப்பது குடியரசுத் தலைவர், அதாவது நடைமுறையில் ஒன்றிய அமைச்சரவை. மாநிலத்தில் ஆளும் கட்சி அதைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதை முற்றாக உள்நோக்கம் என்று தள்ளிவிட முடியாது.

பின்னோக்கிப் பார்க்கும் வசதி என்ற சிக்கலும் இருக்கிறது. பொதுச் சுகாதாரம் குறித்த செயல்திறன் தணிக்கை அறிக்கை 2025 ஜனவரியில் கேரளப் பேரவைக்கு வந்தது. 2020 மார்ச் 28 அன்று கொரோனா பாதுகாப்பு உடையொன்றை 550 ரூபாய்க்கு வாங்க உத்தரவிட்ட மருத்துவச் சேவைக் கழகம், இரண்டு நாள் கழித்து வேறொரு நிறுவனத்திடம் 1,550 ரூபாய்க்கு வாங்கியது என்றும், கூடுதல் செலவு 10.23 கோடி ரூபாய் என்றும் அதில் இருந்தது. உலகமே உடைக்கு அலைந்த நாட்களில், கிடைத்த விலைக்கு வாங்கியிராவிட்டால் செவிலியர்களை எதை அணிவித்து நோயாளியிடம் அனுப்பியிருப்பீர்கள் என்று அன்றைய சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜா தரப்பில் கேட்டார்கள். இதற்குத் தணிக்கையர் ஐயாவின் பதில் என்ன?


பழைய தணிக்கையர் எழுதுகிறார்:

நல்ல கேள்வி. முதலில் ஒரு திருத்தம்: கிஃப்பி பற்றிய பக்கங்கள் வந்தது மாநில நிதிநிலை பற்றிய தணிக்கை அறிக்கையில், அது செயல்திறன் தணிக்கை வகையைச் சேர்ந்ததன்று. கேள்வி கேட்ட நண்பர் மேடையில் இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம்.

பாதுகாப்பு உடை விஷயத்தில், நெருக்கடி நேரத்தில் விலை ஏறும் என்பதை எந்தத் தணிக்கையரும் மறுக்க மாட்டார். 550 ரூபாய்க்குத் தர ஒப்புக்கொண்டவரிடம் எவ்வளவு வாங்கப்பட்டது, மீதியை ஏன் வாங்கவில்லை, அதிக விலை சொன்னவருக்கு முன்பணம் தரப்பட்டதா என்பவை கோப்பில் பதில் இருக்க வேண்டிய கேள்விகள். அவசரம் என்பது விதியைத் தளர்த்தக் காரணமாகும். காரணத்தை எழுதி வைக்காமல் இருப்பதற்குக் காரணமாகாது. கோப்பில் மூன்று வரி எழுதியிருந்தால் அந்தப் பத்தியே வந்திராது என்பதுபோன்ற நேர்வுகள் எங்கள் அலுவலகத்தில் ஏராளம்.

வரைவில் இல்லாததை இறுதியில் சேர்த்தது பற்றிச் சொன்னதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அப்படிச் செய்யாமல் இருப்பதே நல்ல மரபு. அதற்கான மருந்து, சிஏஜி அறிக்கைகளை ஆராயும் சட்டமன்ற உறுப்பினர்களின் பொதுக்கணக்குக் குழுவில் சொல்லி அந்தப் பத்தியை நீக்க வைப்பதுதான். பெரும்பான்மையை வைத்துத் தீர்மானம் போட்டு நிராகரிப்பதை நான் ஏற்கமாட்டேன். நாளைக்கு எந்த மாநிலமும் தனக்குப் பிடிக்காத பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிடும்.


கோட்டை நிருபர் எழுதுகிறார்:

பல ஆண்டுகள் சட்டமன்றச் செய்தி சேகரித்தவன். நீங்கள் இருவரும் கொள்கை பேசுகிறீர்கள். எனக்குத் தோன்றுவது வேறு: இது நாற்காலியை மட்டும் பொறுத்த விஷயம் அன்று, கால இடைவெளியைப் பொறுத்தது.

செயல்திறன் தணிக்கை அறிக்கை ஒன்று நடந்து முடிந்த சில ஆண்டுகளை ஆராய்ந்து, எழுதப்பட்டு, அவைக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிடும். ஆகவே ஆட்சிக்கு வரும் புதிய கட்சியின் மேசைக்கு முதலில் வருபவை பழைய ஆட்சியைப் பற்றிய அறிக்கைகள். அந்தக் காலத்தில் நிதியமைச்சர்கள் சிஏஜியை வானளாவப் புகழ்வார்கள். பாதி ஆட்சி கழிந்ததும் அறிக்கை தங்களையே தொடத் தொடங்கும், புகழ் வற்றிவிடும். ஒரே கட்சி தொடர்ந்து இரண்டாம் முறை வென்றுவிட்டால் பழி போட முன்னவர் எவரும் மிஞ்சுவதில்லை. மோதல் எங்கே கடுமையாக இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். டெல்லியில் ஆம் ஆத்மி பத்தாண்டுகள் தொடர்ந்து ஆண்டது. கேரளத்தில் கிஃப்பி தீர்மானம் வந்தது தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன். பாதுகாப்பு உடைச் சர்ச்சை, இடதுசாரிகள் மீண்டும் வென்று நான்காம் ஆண்டு நடந்தபோது வந்தது. மேற்கு வங்கத்தில் மம்தா பானர்ஜி ஆட்சிக்கு வந்தது 2011இல். 2.29 லட்சம் கோடி ரூபாய்க்குப் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது பணம் உரிய வேலைக்குச் செலவானதற்கான சான்று, வரவில்லை என்று சிஏஜி எழுதியதும், 2024 பிப்ரவரியில் அவர் பிரதமருக்குக் கடிதம் எழுதி மறுத்தார். கணக்கு 2002-03 முதல் எடுக்கப்பட்டிருக்கிறது, அப்போது நாங்கள் ஆட்சியிலேயே இல்லை என்பது அதில் ஒரு வாதம். முன்னவர் இருக்கும்வரை அவரைத் தேடத்தான் செய்வார்கள்.

தமிழ்நாட்டில் 1980களுக்குப் பிறகு மாறி மாறி ஆட்சி வந்ததால் இந்த உரசல் பெரும்பாலும் மட்டுப்பட்டே இருந்தது என்பது என் கணிப்பு. விதிவிலக்கு 2016இல் அதிமுக மீண்டும் வென்றது. நம் ஊரின் மிகக் கசப்பான செயல்திறன் தணிக்கை அறிக்கையும் அந்த ஆட்சியில்தான் வெளிவந்தது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பற்றிய அந்த அறிக்கை 2018 ஜூலையில்தான் பேரவைக்கு வந்தது. 3.645 டிஎம்சி கொள்ளளவு கொண்ட செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடிவரை திறந்துவிட்டது, நீர்நிலை ஆக்கிரமிப்பு, பெருநகர வளர்ச்சித் திட்டக் கோளாறு எல்லாவற்றையும் அலசி, இது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று அது முடிவுகட்டியது. வெள்ளம் வடிந்த சில நாட்களிலேயே அன்றைய தலைமைச் செயலாளர் ஞானதேசிகன் நீண்ட விளக்கம் கொடுத்திருந்தார்: ஏரித் திறப்பு ஒழுங்குமுறைப்படியே நடந்தது, அடையாற்றில் கலந்தது அந்த ஒரே ஏரியின் நீர் அல்ல என்பது அதன் சாரம். இரண்டரை ஆண்டு கழித்து அறிக்கை வந்தபோது, வெள்ளத்தின்போது முதல்வராக இருந்த ஜெயலலிதா மறைந்துவிட்டிருந்தார், செயலாளர்கள் மாறிவிட்டார்கள். திமுக அதை எடுத்துப் பேசியது, செய்தி இரண்டு நாள் ஓடியது. பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை மீண்டும் மிதந்தது. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த எடப்பாடி பழனிசாமி, மழைநீர் வடிகாலுக்குச் செலவிட்ட 4,000 கோடி ரூபாய்க்கு வெள்ளை அறிக்கை கேட்டார். 2018இல் அந்தத் தணிக்கை அறிக்கையை அவையில் வைத்த அரசின் முதல்வரும் அவர்தான்.


பொருநைக்கரையான் எழுதுகிறார்:

கால இடைவெளி என்ற கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. பேச்சின் நடுப்பகுதியை இதை வைத்தே கட்டிவிடலாம். ஒரு துணைக்கேள்வி. எல்லாம் சட்டமன்றத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்றால், அரசியல்வாதியின் தயவில்லாமல் இந்தத் தணிக்கை நடக்கும் இடம் எங்காவது இருக்கிறதா?


சியாட்டில்வாசி எழுதுகிறார்:

நான் வசிக்கும் வாஷிங்டன் மாநிலத்தை ஓரளவுக்குச் சொல்லலாம். இங்கே மாநிலத் தணிக்கையரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனாலும் 2005 வரை, சட்டமன்றம் அனுமதித்தாலொழிய அவர் செயல்திறன் தணிக்கை செய்ய முடியாது. அந்த ஆண்டு சட்டமன்றம் கொஞ்சம் இறங்கிவந்து, மேற்பார்வைக்கு ஒரு குடிமக்கள் வாரியத்தை வைத்து ஒரு சட்டம் நிறைவேற்ற, ஆளுநர் கிரெகுவார் கையெழுத்திட்டார். அது போதாது என்று, வரி எதிர்ப்பு இயக்கங்களால் பெயர் பெற்ற டிம் ஐமன் 900ஆம் எண் முன்மொழிவை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோய் நவம்பரில் வென்றார். மாநில அமைப்புகளையும் உள்ளாட்சிகளையும் தணிக்கையர் தம் விருப்பப்படி ஆராயலாம்; செலவுக்கு விற்பனை வரியில் மாநிலத்தின் பங்கில் 0.16 விழுக்காடு தனியே ஒதுங்கிவிடும். அன்றைய தணிக்கையர் பிரையன் சோன்டாக் ஜனநாயகக் கட்சிக்காரர். தம் கட்சி ஆட்சியிலிருந்தபோதும் இந்த அதிகாரத்துக்காக அவர் வாதாடினார். பொருளாதார நெருக்கடி வந்த 2009இல், ஒதுக்கிய பணத்தின் பெரும்பகுதியைச் சட்டமன்றம் வேறு செலவுகளுக்குத் திருப்பிக்கொண்டது. அதிகாரத்தைப் பறித்தால் மக்கள் கோபம் வரும். பணத்தை எடுத்தால் நிதிநெருக்கடி என்று சொல்லிவிடலாம்.


கோட்டை நிருபர் எழுதுகிறார்:

நம் ஊரில் பணத்தைத் தொட வேண்டிய தேவையே இல்லை. பொதுக்கணக்குக் குழு மெதுவாக நடந்தால் போதும். மக்களவையில் 1967 முதல் அந்தக் குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்கு என்பது மரபு. மாநிலங்களில் ‘எதிர்க்கட்சி’ என்பதற்கு நெகிழ்வான பொருள் உண்டு. தமிழ்நாட்டில் 2021 தேர்தலுக்குப் பின் குழுவின் தலைவரானவர் காங்கிரஸின் செல்வப்பெருந்தகை; அவர் கட்சி ஆளுங்கட்சியின் கூட்டணியில் நின்று வென்றது. விதிப்படி தவறில்லை, அவர் மாவட்டம் மாவட்டமாகச் சென்று ஆய்வும் நடத்தினார். இருந்தாலும் முதன்மை எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அந்த இருக்கையில் இருந்து செயலாளரைக் கேட்கும் கேள்வியின் சூடு வேறு.


பழைய தணிக்கையர் எழுதுகிறார்:

1949 மே 30 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், இந்த அதிகாரியின் கடமைகள் நீதித்துறையின் கடமைகளைவிடவும் முக்கியமானவை என்ற பொருளில் பேசினார். மேடையில் இதைச் சொன்னால் கைதட்டு நிச்சயம். ஆனால் அதே அரசமைப்பு, அவருக்குத் தண்டிக்கும் அதிகாரம் எதையும் தரவில்லை. எழுதுவார், கொடுப்பார், அவ்வளவுதான்.

உங்கள் பேச்சுக்கு ஒரு நடைமுறை யோசனை. உங்கள் மாவட்டம் மாதிரியாகத் தேர்வு செய்யப்பட்ட ஒரு செயல்திறன் தணிக்கை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். சிஏஜியின் இணையதளத்தில் மாநில வாரியாகக் கிடைக்கும். முன்னுரையையும் சுருக்கத்தையும் விட்டுவிட்டு நேரே பின்னிணைப்புக்குப் போங்கள். எந்த ஊர்ப் பள்ளி, எந்த ஆரம்ப சுகாதார நிலையம், எந்தப் பாலம் என்பதெல்லாம் அங்கேதான் பட்டியலாக இருக்கும். அதில் ஒன்றுக்கு நேரில் போய், அறிக்கை சொன்ன குறை இன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, உங்கள் தொகுதியின் இன்றைய உறுப்பினரிடமும் முந்தைய உறுப்பினரிடமும் அதே பத்தியைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.